நெட்டை விழுந்த வளைவு

நவம்பர் 12

எங்கள் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திய வருஷம் இது. ரொட்டிக் கம்பெனிப் புகைபோக்கியை இடித்ததும், ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்ற பெரிய மரம் காற்றே இல்லாத நாளில் தானாகச் சாய்ந்ததும் இதே வருஷம்தான். வருஷத்துக்கு நம்பர் உண்டு. எனக்கு அது மனசில் நிற்காது. இப்படிச் சொன்னால் நிற்கும்.

பஸ் இல்லாததால் மகள் என் பழைய மோட்டார் சைக்கிளை வேலைக்கு எடுத்துப் போகிறேன் என்கிறாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. விடியும்போது அங்கே நிற்காவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை. பல காலம் சும்மா நின்ற வண்டி, ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. மாப்பிள்ளை குனிந்து பார்த்து, "டயர் பட்டன் தேயவே இல்லையே மாமா" என்றார்.

"பல்லு முழுசாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா ரோட்டைக் கடிக்காது."

மறுபேச்சு இல்லாமல் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய், குளிருக்கென்றே வருகிற மெத்து ரப்பர் டயராக மாற்றி வந்துவிட்டார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். குளிரில் பெயிண்ட் காயாது, வேலையும் வராது. பெண்டாட்டி குளிரில் போக, தான் வீட்டில் இருப்பது அவரை அரிக்கிறது. வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

நவம்பர் 13

இந்த போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். எழுதினது சரியா தப்பா என்று பார்க்க எனக்கு எழுத்து தெரியாது. மகளிடம், "நீ படிப்பியா?" என்றேன். "உங்க புலம்பலை நேர்லயே கேட்கிறேன். அது போதாதாப்பா?" என்றாள்.

நவம்பர் 20

வழக்கம்போல் விடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹாரன். "டேய் ஆமை, எழுந்துட்டியா, இல்ல தூக்கிட்டுப் போக ஆள் அனுப்பணுமா?"

நெட்டை. இந்த வயதிலும் வண்டியில்தான் வருவான். வந்து டீ குடித்துவிட்டு எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவான். அச்சாபீசிலிருந்து மலை ஊர்களுக்குப் பேப்பர்க் கட்டு கொண்டுபோன நாலு பேரில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். சோடாபுட்டி என்கிறவன் ஒரு பாலத்தில் பனியில் சறுக்கி விழுந்து செத்தான். பாலம்தான் முதலில் உறையும். அவனுக்கும் தெரியும், அன்றைக்கு அவசரம். பாட்டு என்று ஒருத்தன், வண்டி சத்தத்தையும் மீறிப் பாடுவான், நெஞ்சுச் சளி முற்றிப் படுக்கையில் போனான்.

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வோம். காற்று ஏறாது. நெட்டை சொல்வான்: "ஊர் உலகச் செய்தி பூரா உன் நெஞ்சுல இருக்கு. மண்டைக்குத்தான் ஏறலை."

நான் மெதுவாக ஓட்டுவேன், அதனால் ஆமை. என் கல்யாணத்தன்று மூன்று பேரும் வாசலில் நின்று, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெண்வீட்டாரிடமே சொன்னார்கள். மெதுவாகப் போன நானும் விழுந்திருக்கிறேன், முழங்கால் சாட்சி. ஒரு தரம்கூட விழாதவன் நெட்டை ஒருத்தன்தான். அவனுக்கு வேறு பெருமை கிடையாது. அது ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பான், காது புளிக்கும்.

நவம்பர் 29

முதல் உறைபனி. வண்டி சீட்டு, பெட்ரோல் தொட்டி எல்லாம் வெள்ளை.

மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். முதல் இரண்டு மைல் டயர் தூங்கிக்கொண்டிருக்கும், ரோட்டில் தேய்ந்து சூடேறின பிறகுதான் பிடிக்கும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி போ. வளைவில் சாய்க்காதே, பிரேக்கைத் தொடாதே, வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு.

"பிள்ளை எங்க தூங்குது, உதைச்சு உதைச்சு நான்தான் எழுப்பறேன்" என்றாள் கிக்கரில் ஏறி நின்று.

மாப்பிள்ளை ஒரு பானை வெந்நீரோடு வந்தார். சீட்டில், கைப்பிடியில் ஊற்றிப் பனியைக் கரைத்தார். மிச்சத்தை இரண்டு டயருக்கும் ஊற்றினார். "குளிப்பாட்டி அனுப்பறாரு பாருங்கப்பா" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு.

நெட்டையிடம் சொன்னேன். "வெந்நீர் சூடு டயர்ல ரெண்டு நிமிஷம் நிக்குமாடா? ஆனா சொல்லிடாதே. ஆசையா செய்யறான். நமக்கெல்லாம் எவ வெந்நீர் வச்சா?" என்றான். சிரித்தோம்.

டிசம்பர் 7

குளிர் எலும்பைக் கடிக்கிறது. படுக்கையை விட்டு எழுவதே நெட்டையின் ஹாரன் கேட்டுத்தான்.

டிசம்பர் 9

ஹாரன் கேட்கவில்லை. சத்தம் கேட்டது. தகரத்தை ரோட்டில் இழுக்கிற சத்தம்.

நம் சந்து முனை வளைவில். நான் தடியை ஊன்றிப் போய்ச் சேர்வதற்குள் ஆள் கூடிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். வண்டி சுவரோரம். பேப்பர் தனியாக. என்னைப் பார்த்து, "ஆமை, நான் விழுந்துட்டேன்டா" என்றான். வலிக்குதுன்னு சொல்லலை. விழுந்துட்டேன்னுதான் சொன்னான்.

டிசம்பர் 10

இடுப்பெலும்பு முறிவு. அவன் மகன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் கத்தினான்: "ஓட்டத் தெரியாம எதுக்கு ஓட்டறீங்க? எத்தனை தடவை சொன்னேன்? கையும் நிக்கலை கண்ணும் தெரியலை. இனிமே அந்த வண்டி வீட்டுல இருக்காது."

நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி இப்போதைக்கு எங்கள் முற்றத்தில். டயரை அழுத்திப் பார்த்தேன். நகம் மெத்தென்று இறங்கியது. காற்றும் சரியாக இருந்தது. குளிர் வரும் முன்னே வருஷா வருஷம் மாற்றிவிடுவான். பிறகு எப்படி விழுந்தான்? மழை பெய்து வாரக்கணக்காகிறது. காய்ந்த ரோடு. நெட்டை காய்ந்த ரோட்டில் விழுகிறவனா?

டிசம்பர் 11

பார்த்துவிட்டேன்.

இன்று சீக்கிரம் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஊற்றினார், மகள் போனாள். ஊற்றின தண்ணீர் வாசல் சரிவில் இறங்கி, சுவரோரமாகவே ஓடி, வளைவில் போய்ப் படுத்தது. அவள் போகும்போது அது வெறும் ஈரம். வெளிச்சம் வந்தபோது தடியோடு போய்ப் பார்த்தேன். ரோடு கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. தடியை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடி. முன்பெல்லாம் ஒரு பானையோடு நிற்கும், இப்போது இரண்டு பானை. உச்சி வெயில் வந்தால் கரைந்து காய்ந்துவிடும், ஒருத்தர் கண்ணிலும் படாது.

எங்கள் வாசலிலிருந்து போன தண்ணீர்.

கொல்லையிலிருந்து ஒரு தட்டில் மண் அள்ளி வந்து போட்டேன். "என்ன மாமா இந்தக் குளிர்ல?" என்று மாப்பிள்ளை ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டார். சொல்ல வாய் எடுத்தேன். அவர் கை வெந்நீர் பட்டுச் சிவந்திருந்தது. வரலை. சொல்ல வரலை.

டிசம்பர் 12

இன்றைக்கும் அவர் ஊற்றினார். நான் மண் போட்டேன். இப்படி எத்தனை நாள்?

டிசம்பர் 14

நெட்டைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விசில் அடிக்கிறது. மகன் வெளியே போனதும் என் கையை இழுத்தான்.

"தண்ணி உங்க வீட்டுதுடா."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கீழ கிடந்தப்போ வேற என்ன வேலை? தண்ணிக் கோடு எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன். உங்க கேட்டுல போய் நின்னுது." மூச்சு வாங்கினான். "மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே. பொண்டாட்டிக்கு ஆசையா செய்யறவன். செத்துருவான். நிறுத்து, ஆனா சொல்லாதே."

"உன்னை ஓட்டத் தெரியாதவன்னு ஊரே பேசுதுடா."

"பேசட்டும்."

அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேசட்டும் என்று சொல்கிற ஆளா அவன்? இத்தனை வருஷப் பழக்கத்தில் நெட்டை சொன்ன ஒரே பொய் அது.

டிசம்பர் 15

மகள் ஓட்டுகிற வண்டியை ராத்திரிக்கு என் அறையில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். உள்ளே நின்றால் பனி படியாது, பனி படியாவிட்டால் வெந்நீர் வேண்டாம். பழைய வண்டி, பக்கத்தில் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று சொன்னேன். மகள், "அம்மாவைக்கூட இப்படித் தேடலை நீங்க" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. காலிப் பானையோடு கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்.

டிசம்பர் 18

பெட்ரோல் வாசனையில் தூங்குகிறேன். தூங்குகிறேனா?

டிசம்பர் 22

நெட்டை போய்விட்டான்.

டிசம்பர் 23

எடுத்துப் போனோம். வந்தவர்களெல்லாம் ஒரே பேச்சு. இந்த வயசுல வண்டி எதுக்கு? கை நடுக்கமாம். குடிச்சிருந்தானாம். குடியா? அவன் டீக்கே சர்க்கரை போடாதவன். இவர்களில் ஒருத்தனாவது அந்த மலை ரோட்டில் பனிக்குள் முன்விளக்கு இல்லாமல் இறங்கியிருப்பானா? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நெட்டை சொல்லுக்குக் கட்டுப்பட்டா, வீட்டுக்குப் பயந்தா? இரண்டும்தான்.

ஜனவரி 8

நெட்டையின் மகன் வந்திருந்தான். வண்டியை எடுத்துப் போய் விற்கப் போகிறானாம். சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை டீ கொண்டுவந்து வைத்தார்.

"சித்தப்பா, ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில அப்பாவை அப்படிப் பேசிட்டேன். அவர் திருப்பி ஒண்ணும் சொல்லலை. அதுவே என்னைத் தின்னுது. அவர்கூட ஓட்டினவர் நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நிஜமா சொல்லுங்க, அவருக்கு ஓட்டத் தெரியாம போச்சா?"

"இல்லை."

"டயர் தப்பா?"

"இல்லைப்பா. நல்ல டயர்."

"அப்போ ஏன் விழுந்தார்?"

ஒரு பக்கம் நெட்டை சொன்ன சொல். இன்னொரு பக்கம் நெட்டை பெயர். நான் தரையைப் பார்த்தேன்.

"தண்ணி நான் ஊத்தினது" என்றார் மாப்பிள்ளை.

கதவோரம் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை. வெந்நீர், சரிவு, வளைவு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "மாமா வண்டியை உள்ள கொண்டுவந்த அன்னிக்கே புரிஞ்சுது. நீங்க எப்போ கேட்பீங்கன்னு இருந்தேன். நானா வந்து சொல்லத்தான் கால் வரலை."

அவன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருப்பார், தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவன் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். வண்டியைக் கிளப்பினான். வளைவு வந்ததும் சத்தம் குறைந்தது, நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு போனது.

டீ அப்படியே இருந்தது.

ஜனவரி 9

மாப்பிள்ளை மகளிடமும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "அதே வழியாத்தானே நானும் போனேன். நான் ஈரத்துல போனேன், நெட்டை பெரியப்பா கண்ணாடியில வந்தார்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜனவரி 30

முடிதிருத்துகிறவர் சொன்னார்: நெட்டையின் மகன் தன் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அப்பா ஓட்டினதுல குறை இல்லை, பனிக்கட்டியில விழ விட்டாங்க" என்று சொல்கிறானாம். யார் விட்டார்கள் என்று சொல்வதில்லையாம். ஊருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? குளிர் விட்டதும் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வரச்சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளை தினமும் விடியும் முன்னே வளைவில் மண் தூவிவிட்டு வருகிறார். குளிப்பதும் பச்சைத்தண்ணீரில்.

மார்ச் 2

மாப்பிள்ளை போன வாரம் கிளம்பிவிட்டார். வெயில் அடிக்கிற ஊரில் வேலை இருக்கிறதாம். வளைவில் இரண்டு மூட்டை மண் வைத்துவிட்டுப் போனார். எப்போது வருவார் என்று மகள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நெட்டையின் வண்டியை மகன் விற்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் வரும். ஹாரன் கிடையாது. கேட்டுக்குள் ஒரு பேப்பரைப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான். அப்பா எனக்குக் கொண்டுவந்தது அவனுக்குத் தெரியும். படித்துக் காட்டினது தெரியாது.

முந்தின நாள் பேப்பரை மகள் கிளம்பும்போது மடித்துக் கொடுக்கிறேன். சட்டைக்குள் வைத்துக்கொள்கிறாள். குளிர் இன்னும் விடவில்லை. மெதுவாகப் போ என்கிறேன். போகிறாள்.

மலை ரோட்டில் நாலு பேர் போனோம். சோடாபுட்டி பாலத்தில். பாட்டு படுக்கையில். நெட்டை எங்கள் வளைவில். வாசலில் உட்கார்ந்து அவள் வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறவன், ஆமை.