அரை அங்குலம் கூடிய கழுத்து

கண்ணாடிக் கடை முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கழுத்தில் கண்ணாடிச் சில் குத்தி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்தத் தழும்பைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டியாயிற்று. "தொட்டுப் பாருங்க, எப்படித் துடிக்குது!" என்று பெருமை வேறு.

போன வாரம் நான் தைத்த சட்டைக்கு நேற்றுக் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை. "துணி சுருங்கிடுச்சு" என்று என் தையல் மேல் பழி போட்டீர்கள். இன்று நீங்கள் தூங்கும்போது டேப் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் கூடியிருக்கிறது. கழுத்து வளர்கிற வயசா உங்களுக்கு?

டாக்டருக்குப் போன் செய்தேன். காயம்பட்ட ரத்தக்குழாய் உள்ளே கசிந்து பை கட்டியிருக்கலாமாம். விட்டுவைத்தால் வெடிக்கும், இன்றே வந்தால் சரிசெய்துவிடலாம் என்றார்.

ஸ்கேனுக்கு இடம் பிடிக்க முன்னால் போகிறேன். பத்து மணிக்கு உங்கள் மச்சான் காரோடு வருவான். ஒன்றும் சாப்பிடாதீர்கள். கண்ணாடி தூக்காதீர்கள். வீக்கத்தை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்.

பி.கு.: வாய் குழறினாலோ கை மரத்துப்போனாலோ மச்சானுக்குக் காத்திருக்காமல் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: நேற்றுச் சண்டையில் "எக்கேடோ கெட்டுப் போங்க" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது.