தாமதமாக வரும் சரக்கு

ஜூலை 8, புதன்
விடாத மழை. துவைத்த துணி இன்னும் காயவில்லை. குடை ஆபீசிலேயே மறந்தாச்சு.

தெருவில் அஷ்ரஃப் இக்கா வழிமறித்தார். கொச்சியில், கொச்சங்காடியில் அவருடைய அரிசி கோடவுன் மாடியில்தான் எங்கள் ஞாயிறு தமிழ் அரட்டை. "மோளே, போன தடவை நாலு பேருதானே வந்தது? இந்த ஞாயிறும் அப்படின்னா மாடியை கேரம் ஆடுற பசங்களுக்குக் கொடுத்திருவேன், கேட்டோ."

நாள் முழுக்க ஆபீசில் மலையாளம். தமிழில் வாய்விட்டுச் சிரிக்க எனக்கு இருப்பது அந்த ஒரு சாயங்காலம். விடமாட்டேன்.

ஜூலை 9, வியாழன்
எங்கே தப்பு? "வருவீங்களா?" என்று கேட்டால் நம் ஆட்கள் வரமாட்டேன் என்று சொல்லவே மாட்டார்கள். "பாக்கலாம்க்கா." அப்படியென்றால் வரமாட்டார்கள். வாட்ஸ்அப்பிலோ குட்மார்னிங் ரோஜாக்களுக்கு அடியில் என் அழைப்பு புதைந்துபோகிறது.

மத்தியானம் ஆபீசில் ஏலக்காய் அனுப்புகிறவர்களுக்கு வழக்கமான மெயில். மாதிரி ஒன்றுதான், பெயரும் சரக்கும் மட்டும் மாறும். வருமா என்று கேட்பதே இல்லை. இன்னது, இத்தனை மணிக்கு, அவ்வளவுதான். பளிச்சென்று உறைத்தது. அதையே நகலெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக:

அன்புள்ள ______,
ஞாயிறு நாலு மணி. நீங்கள் கொண்டுவருவது: ______

செல்விக்கு மரவள்ளிக் கப்பை. முருகேசன் அண்ணனுக்கு மீன் கறி. ரம்யா, பிளாஸ்க்கில் சாயா. இக்காவுக்கும் ஒன்று: பழம்பொரி, நம்ம வாழைப்பழ பஜ்ஜி. தமிழ் படிக்கத் தெரியாத சின்னதுகளுக்கு அதே தமிழ், மலையாள எழுத்தில்.

"ஒருத்தரும் வரமாட்டாங்க பாரு" என்றார் என் வீட்டுக்காரர். பார்க்கலாம்.

ஜூலை 11, சனி
அய்யோ! ஆபீஸ் மாதிரியின் கடைசி வரியை அழிக்கவே இல்லை. "தாமதமாக வரும் சரக்கு ஏற்கப்படாது." எல்லோருக்கும் போய்விட்டது. மானம் போச்சு.

செல்வி போனில்: "அக்கா, கப்பை லேட்டானா திருப்பி அனுப்பிருவீங்களா?" கேலியா, பயமா, தெரியவில்லை. "ஆமா, அனுப்பிருவேன்" என்றேன். வாய்க்கொழுப்பு.

ராத்திரிக்கு ரசம் மட்டும். வேறு எதுவும் ஓடவில்லை.

ஜூலை 12, ஞாயிறு
மழை விட்டது. மூன்றரைக்கே மாடிப்படியில் செருப்புக் குவியல்! முருகேசன் அண்ணன் மீன் கறிச் சட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்திருந்தார். "லேட்டானா எடுக்க மாட்டேன்னு எழுதிட்டியேம்மா. முந்தின போட்டையே பிடிச்சுட்டேன்."

உட்கார இடமில்லை. அரிசி மூட்டை மேலெல்லாம் ஆட்கள். சிரிப்புச் சத்தம் பஜார்வரை கேட்டிருக்கும். ஜெயிச்சுட்டேன்! வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து மூன்றாவது தட்டுக் கப்பை.

நாலு மணி தாண்டி இக்கா, மூச்சிரைக்க. கையில் பழம்பொரிப் பொட்டலம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார், அவருடைய சொந்த கோடவுன் வாசலில். "மோளே, லேட்டாயிப்போச்சு. எடுப்பியா?"

"இந்தத் தடவை மட்டும்."

கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். "அடுத்த ஞாயிறு நான் எந்தா கொண்டுவரணும்?"

"மாடிச் சாவி, இக்கா."

சட்டைப் பையில் கை விட்டு, அங்கேயே என் கையில் வைத்தார்.