வாளியில் ஊறிய நார்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன், இந்த வருஷத்தில் மூன்றாவது. மாதக் கடைசியில் ஆய்வுத் திட்டம் முடிகிறது. பாக்கி: அலமாரி காலி செய்ய, பழைய மாதிரிகளைத் தூக்கிப்போட, இறுதி அறிக்கை, பல் டாக்டர்.

அலமாரி அடித்தட்டில் பரீதாவின் நோட்டு. எட்டு வருஷம் ஆயிற்று. பச்சை மையில் அந்தச் சாய்ந்த எழுத்து. பூக்கடையில் கழித்துப்போடும் வாழைநாரை அரைத்து, காற்றுப் புகாத உலையில் சுட்டு, நானோ கரி இழையாக்கி, அதில் மின்சாரம் சேமிக்கிற வேலை. இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். முதல் மாதிரிக்கு அவள் எழுதிய சேமிப்பு அளவு இன்றைக்கும் நம்பும்படி இல்லை. அதன்பின் நான் செய்த எதுவும் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை.

அதனால்தானே அன்றைக்கு ஆய்வகக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் "நீ தப்பா அளந்திருக்க" என்றேன். அடுத்த மாதமே பரீதா ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இப்போது ஜூரோங்கில் ஏதோ தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை என்று கேள்வி.

அறிக்கையில் அந்த அளவைச் சேர்ப்பதா, நீக்குவதா? நீக்கிவிட்டால் வேலை சுலபம்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. பரீதாவின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே, இறங்கவேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன்.

பிடோக்கில் அவள் அம்மா வீட்டில்தான் எனக்கு வாடகை அறை. ஊரிலிருந்து கடல் கடந்து வந்த புதிது, யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகத் தேக்கா சந்தைப் பூக்கடையிலிருந்து ஆளுக்கொரு நார் மூட்டை தூக்கி வருவோம். ரயிலில் பக்கத்து இருக்கைச் சீனப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொள்வார். எங்களுக்குச் சிரிப்பு அடங்காது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி ஃபிளாஸ்கில் ஆய்வகத்துக்கே வரும். உலை ஆறும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கும், எனக்கு மட்டும் ஊற்றித் தருவாள். "நீ பசி தாங்க மாட்டலா. குடி."

சண்டைக்குப் பிறகு அறையைக் காலி செய்தேன். தூரம் அதிகம் என்று அவள் அம்மாவிடம் பொய் சொன்னேன். அவர் மூட்டை கட்ட உதவி செய்தார். எனக்கு அந்த நாட்கள் திரும்ப வேண்டும்.

நவம்பர் 8, சனி

வெயிலும் தூறலும். தேக்கா. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகளைக் கழற்றுகிறார்கள். கறிவேப்பிலை, ஊதுவத்தி, பெருங்காயம் (மறந்தாயிற்று).

கடைசி முறையாக நார் எடுக்க ராசாத்தி அக்காவின் பூக்கடை. இப்போதெல்லாம் நூல்தான், கல்யாண மாலைக்கு மட்டும் நார் வைத்திருக்கிறார். வழக்கம்போல வாளிக்குள் கை விட்டேன். ஊறிய துண்டுகள், மெத்தென்று, சுத்தமாக.

"நீ மட்டும் ஏம்மா எப்பவும் ஊறுனதையே எடுக்குற? அந்தப் பொண்ணு வாளியத் தொடவே தொடாது. மூட்டையில காஞ்சு கெடக்குறதத்தான் அள்ளிட்டுப் போவும்."

"எந்தப் பொண்ணுக்கா?"

"உன்கூட வருமே, பரீதா. ரொம்ப நாளா காணமே அத."

எதற்கு ஊறவைக்கிறீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்டதில்லை.

"ஊறலன்னா கட்டுறப்ப ஒடிஞ்சு போயிடும்ல. தண்ணியப் பாரு, டீ மாதிரி. நாருல இருக்க உப்பெல்லாம் எறங்கிடும். மாத்தலன்னா கை அரிக்கும்."

உப்பு. வாழையில் இருக்கும் பொட்டாசியம். சுடும்போது கரியைக் குடைந்து நுண்துளை போடுவது அதுதான். துளை கூடினால் சேமிப்பும் கூடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தே, அதையெல்லாம் வாளித் தண்ணீரில் விட்டுவிட்டு வெறும் சக்கையை எட்டு வருஷம் அரைத்திருக்கிறேன். அவள் அளவைச் சரிபார்த்தபோதும் வாளி நார்தான் எடுத்தேன். சுத்தமாக இருந்தது என்று.

அக்கா காய்ந்த நாரை ஒரு பை நிறையக் கொடுத்தார். நன்றி சொன்னேனா, ஞாபகமில்லை.

நவம்பர் 12, புதன்

காய்ந்த நார். கழுவவில்லை, வடிகட்டவில்லை. அரைத்ததை அப்படியே உறையவைத்து உலர்த்தி, இன்று உலைக்குள்.

நோட்டை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "மூட்டை நார் மட்டும். வாளி வேண்டாம்." அடியில் இரண்டு கோடு. அன்றைக்கு நான் நேராக அளவு இருக்கும் பக்கத்துக்குப் போய்விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

அளந்தாயிற்று. அவள் எழுதியதேதான், ஒரு நூல் கூடவே.

எல்லாரும் கை குலுக்கினார்கள். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். நான் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 15, சனி

நல்ல வெயில். துணி துவைத்தேன். போனை நான்கு தரம் எடுத்து வைத்தேன். ஐந்தாவது தரம் அழைத்தேன். பரீதாவின் எண் மாறவில்லை.

என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: வாளி, உப்பு, நோட்டின் முதல் பக்கம். "அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசினது என் தப்புடி. அறிக்கையில உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

"எவ்ளோ வந்துச்சு?" என்றாள்.

சொன்னேன்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"வேலையில எத அளந்தாலும் ரெண்டு வாட்டி அளப்பேன்லா. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க," என்றாள். "நான்தான் அன்னைக்குத் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன். இத்தன வருஷமா."