காட்டாத டின்

20 பிப்ரவரி 2024, செவ்வாய்

தவக்காலம் வந்தால் இந்த வீட்டில் கோழி கிடையாது. மாடில்டா காலையிலேயே பாசிர் பெனம்பாங் போய் மீன் வாங்கி வந்துவிட்டாள். நேற்றும் மீன், இன்றும் மீன். நான் என்ன கொக்கா?

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஃபோன். அலீசியா என்ற பெண், பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவு. "அங்கிள், உங்க கையெழுத்துப் பிரதிங்க எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. இப்ப கேட்கிறது உங்களப் பத்தி மத்தவங்க எழுதினது. விமர்சனம், பேட்டி, வாசகர் கடிதம், விழா அழைப்பிதழ், எதுவா இருந்தாலும் ஓகே லா." என் பெயரில் ஒரு தனிச் சேகரிப்பாம். அலமாரி, குளிர்சாதனம், எல்லாம் உண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுபத்தெட்டு வயதில் குளிர்சாதனம் போட்ட அறையில் இருக்கப் போகிறேன், உயிரோடு.

பேப்பரில் என்னைப் பற்றி வந்ததை வெட்டி வைத்ததெல்லாம் மாடில்டாவின் வேலை. கல்யாணமாகி, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்தே நான் எழுதுவேன், அவள் வெட்டுவாள்.

"உங்களைப் பற்றி முதலில் எழுதியவர் யார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். நினைவில்லாமல் என்ன? கார்த்திகேசுதான். மாங்காத் தோட்டம் என்ற எஸ்டேட்டில் ஒரே லய வீட்டு வரிசை, ஒரே பள்ளிக்கூடப் பெஞ்சு. நான் எழுதுவதை முதலில் படிப்பவன் அவன், முதலில் திட்டுபவனும் அவன். 1993இல் என் மூன்றாவது நாவல் வந்தது. நாடே எழுதியது. அவன் ஒரு வரி எழுதவில்லை. நல்லா இல்லைன்னாவது எழுதியிருக்கலாமே? அதோடு பேச்சு நின்றது. சுங்கை பெசாரில் இருக்கிறான். காரில் ஒரு மணி நேரம். முப்பது வருஷமாக நான் போகவில்லை, அவனும் வரவில்லை.

23 பிப்ரவரி

நூலகப் பெண் வரும்போது எந்தச் சட்டை போடலாம் என்று அலமாரியைக் குடைந்தேன். மாடில்டா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "காகிதத்தத்தான் எடுக்க வர்றாங்க. உங்கள இல்ல."

27 பிப்ரவரி, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

அலீசியா வந்தாள். சின்னப் பெண், கையில் வெள்ளைக் கையுறை. மாடில்டா கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டின்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள். பெரிய சதுர டின்கள். எல்லாவற்றிலும் "காட்டினது" என்று எழுதி ஒட்டியிருந்தது. கடைசியில் துணி சுற்றிய ஒரு டின். அதில் "காட்டாதது".

யாருக்குக் காட்டாதது என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான்," என்றாள். கூசாமல் சொன்னாள். பக்கத்தில் ஒரு அந்நியப் பெண் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. "உங்கள மோசமா எழுதினதெல்லாம் இதுல இருக்கு. பேப்பர மொதல்ல நான்தான பார்ப்பேன்? கெட்டதா இருந்தா எடுத்துடுவேன். அன்னைக்குப் பேப்பர் வரலன்னு சொல்லுவேன்."

பேப்பர் வரவில்லை! பேப்பர்காரப் பையனை எத்தனை தடவை வாசலில் நிறுத்தி வைத்துக் கத்தியிருக்கிறேன்!

அந்த அலீசியா இருக்கிறாளே, அவளுக்கு முகமெல்லாம் பல். "ஆன்ட்டி, தயவுசெய்து எதையும் மாத்தி அடுக்காதீங்க. வச்சவங்க எப்படி வச்சாங்களோ அப்படியேதான் நாங்க எடுத்துக்கணும். அதுதான் எங்க தொழில்ல முறை. இந்த மாதிரி ஒரு வரிசைய நான் பார்த்ததே இல்ல!" என் நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டின்னைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

நான் டின்னைத் திறந்தேன். மேலாகவே இருந்தது, மஞ்சளாகிப்போன ஞாயிறு மலர், முழுப் பக்கம். என் நாவலின் அட்டை. கீழே பெயர். கார்த்திகேசு.

எழுதியிருக்கான். அவன் எழுதியிருக்கான்! ஒரு வரி இல்ல, ஒரு பக்கம்!

அலீசியாவை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த டின் வராது என்றும் சொல்லிவிட்டேன்.

28 பிப்ரவரி

மாடில்டாவோடு பேசவில்லை. மீனும் சாப்பிடவில்லை.

2 மார்ச், சனி

அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவளாவது கேட்பதாவது.

"எவனோ ஒருத்தன் உங்க ரெண்டாவது புத்தகத்தக் கிண்டல் பண்ணி எழுதினான். நீங்க என்ன செஞ்சீங்க? எழுதிக்கிட்டிருந்தத அப்படியே பின்னால கொண்டுபோய், காஞ்ச தென்னமட்டையோட சேர்த்து வச்சுக் கொளுத்துனீங்க. நானூறு பக்கம். அப்புறம் ரெண்டு வருஷம் பேனாவத் தொடல. அந்த ரெண்டு வருஷம் உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்தவ நான். கார்த்தி அண்ணன் எழுதினது வந்தப்ப நீங்க மெட்ராஸ்ல இருந்தீங்க, புத்தகம் விக்கப் போறேன்னு. படிச்சேன். முக்காவாசி புகழ்ச்சி. ஒரே ஒரு பாராவுல குத்து. அந்த ஒரு பாராவுக்கே நீங்க மறுபடியும் கொளுத்துவீங்கன்னு தெரியும். எடுத்து வச்சேன். இப்பவும் வைப்பேன்."

"அவன் என் சிநேகிதன்டி. அவன் எழுதலன்னு நான் அவனோட பேசல. உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒரு மாசத்துல சமாதானமாயிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொல்றதுக்குப் பயமாயிருச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

5 மார்ச்

அந்தப் பாராவை இங்கே எழுதி வைக்கிறேன். படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது.

"தோட்டம் விற்கப்பட்டதும் புனிதவதி ஆற்றில் இறங்கி உயிரை விடுகிறாள். ஆசிரியருக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை, தள்ளிவிட்டார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஆற்றில் விழுகிறவர்கள் அல்லர். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, லோரி பிடித்து, அடுத்த தோட்டத்துக்குப் போகிறவர்கள். இது ஹியூபர்ட்டுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் இப்படிச் செய்தார்? அவர் பதில் சொல்ல வேண்டும்."

பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பேர் சொல்லிக் கேட்டிருக்கிறான். நான் சொல்லவில்லை.

அதைவிட எரிச்சல், அவன் சொன்னது சரி. எனக்கு அப்போதே தெரியும், அந்த முடிவு நொண்டி என்று. எல்லாரும் அழுதார்கள், பரிசு கொடுத்தார்கள், நானும் நம்பிக்கொண்டேன்.

எழுத்தாளர் சங்கத்தில் செயலாளராக இருந்த சுப்பிரமணியத்துக்கு ஃபோன் போட்டேன். இப்படி ஒரு விமர்சனம் வந்தது உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

"என்ன சார், எல்லாருக்கும் தெரியுமே! அந்த விமர்சனத்துக்காகத்தான நீங்க அவரோட பேசறதில்ல? உங்க மனசு புண்படுமேன்னு நாங்க யாரும் அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல."

ஊரே படித்திருக்கிறது. ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. படிக்காதவன் நான் ஒருத்தன்.

அப்படியானால் கார்த்திகேசு என்ன நினைத்திருப்பான்? கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருப்பானே. இந்த வருஷம் பதில் வரும், அடுத்த வருஷம் வரும் என்று.

9 மார்ச்

போக வேண்டும். போய் என்ன சொல்வது? "பொண்டாட்டி ஒளிச்சு வச்சிட்டா"ன்னா? கேட்டால் சிரிப்பான். சிரித்தால்கூடப் பரவாயில்லை, கதவைச் சாத்திவிட்டால்?

நான் நெஞ்சில் பைபாஸ் செய்து படுத்திருந்தபோது அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. அவன் மனைவி நல்லம்மாள் இறந்துபோனது எனக்குப் பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். அதை மட்டும் மாடில்டா ஒளிக்கவில்லை. நாங்கள் போகவில்லை.

மாடில்டா கேட்டாள்: "நானும் வரட்டுமா?"

வா என்றேன். இத்தனை நாளில் அவளோடு ஒழுங்காகப் பேசிய முதல் வார்த்தை.

13 மார்ச், புதன்

போய் வந்தோம்.

கஞ்சில் காரை மாடில்டாதான் ஓட்டினாள். பைபாஸுக்குப் பிறகு எனக்கு ஸ்டியரிங்கைத் தொட அனுமதி இல்லை. தஞ்சோங் காராங் தாண்டினோம். ரமலான் நோன்பு ஆரம்பித்து இரண்டாவது நாள். சாயங்காலச் சந்தைக்குச் சாலையோரம் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாமா என்றேன். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அவன் மகள் புஷ்பா கதவைத் திறந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அவன் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், சாரோங்கோடு. பாதியாகிவிட்டான். சர்க்கரையில் ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நிழல் மட்டும்தான் தெரியுமாம்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?"

"ஹியூபர்ட்."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. கண் தெரியாதவனிடம் மடையன் மாதிரி அந்தப் பேப்பரை நீட்டினேன். "உன் விமர்சனம். படிச்சேன். போன மாசம்தான் படிச்சேன்."

"இப்பத்தான் பேப்பர் வந்துச்சா?" என்றான்.

மாடில்டா முன்னால் வந்துவிட்டாள். "அண்ணே, பேப்பர் அன்னைக்கே வந்துச்சு. நான்தான் இவருக்குக் காட்டாம ஒளிச்சு வச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எழுதவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

கார்த்திகேசு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அவன் சொன்னான்: "படி."

படித்தேன். அவன் எழுதியதை அவனுக்கே படித்தேன். முதல் பத்தி முடிந்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்கேன் லா" என்றான். அந்தப் பாரா வந்தது. அதையும் படித்து முடித்தேன்.

"இத அனுப்பிட்டு, நீ ஃபோன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்டா. மெட்ராஸ்ல இருந்து நீ வந்துட்டதா சொன்னாங்க. ஃபோன் வரல. சரி, பெரிய எழுத்தாளனாயிட்டான், நமக்கெல்லாம் பதில் சொல்லுவானான்னு விட்டுட்டேன். உனக்கு நெஞ்சு ஆபரேசன்னப்ப கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். லிப்ட்கிட்ட வந்து நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

அழுதுவிட்டேன். புஷ்பா முன்னாடி, மூக்கு ஒழுக அழுதேன். லிப்ட் வரைக்கும் வந்தானாம். நான் மேல படுத்துக்கிட்டு ஒரு பய வரலன்னு இவனத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.

அவன் கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்தான்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. பதிலச் சொல்லு. அவள ஏன்டா ஆத்துல தள்ளுன?"

"தோட்டம் போயிருச்சுடா. போக்கிடம் இல்ல அவளுக்கு."

"எங்கம்மாவுக்கும் போக்கிடம் இல்ல. செத்தா போனா?"

அப்புறம் என்ன, சண்டைதான். எனக்கு நெஞ்சு, அவனுக்குச் சர்க்கரை, இரண்டையும் மறந்து கத்தினோம். புஷ்பா பயந்துபோய் அடுப்பை விட்டு ஓடி வந்தாள். "விடும்மா, பேசிக்கிட்டிருக்காங்க," என்று மாடில்டா அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

14 மார்ச்

சந்தோஷமாக எழுந்தேன். பல் விளக்கும்போது திடீரென்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம். அவனுக்குக் கண் இருந்த முப்பது வருஷம். அதற்குள் ஏழு புத்தகம் எழுதிவிட்டேன். ஒன்றையும் அவன் படிக்கவில்லை. இனிமேல் படிக்கவும் முடியாது. நல்லம்மாள் கையால் ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் போயிற்று.

மாடில்டாவிடம் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன். மேசையைத் துடைத்துக்கொண்டே, "நான் படிச்சுக் காட்டுறேன் அண்ணனுக்கு. ஏழையும்," என்றாள்.

29 மார்ச், பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு வந்து கஞ்சி குடித்தோம். டின் இன்னும் மேசைமேல் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைத் தவிர மற்றதை நான் இன்னும் தொடவில்லை. இன்னும் எவனெவன் என்னென்ன எழுதியிருக்கிறானோ.

"ரொம்ப மோசமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு நியாயம். மிச்சம் பொறாம."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தோம்.

3 ஏப்ரல்

அலீசியா வந்து டின்களை வேனில் ஏற்றினாள். காட்டாததையும் கொடுத்துவிட்டேன். எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே. சேகரிப்பில் வெட்டி அடுக்கியவர் பெயராக மாடில்டாவின் பெயரைப் போட வேண்டும் என்று சொன்னேன். "அத எப்பவோ போட்டாச்சு அங்கிள்," என்றாள்.

அந்த விமர்சனத்துக்குப் பதில் எழுதித் தந்தால் அதையும் சேர்த்து வைக்கலாமாம். எழுதித் தருகிறேன் என்றேன்.

23 ஏப்ரல், செவ்வாய்

புஷ்பா இன்றும் கார்த்திகேசுவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். செவ்வாய்தோறும் வந்துவிடுகிறான். வந்தால் மத்தியானம் கோழிக்குழம்பு. காலையில் மாடில்டா ஒரு அத்தியாயம் படிப்பாள், அவன் திட்டுவான்.

இன்று நான் எழுதிய பதிலைப் படித்தாள். நான்கு பக்கம். கஷ்டப்பட்டு எழுதினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சுத்திச் சுத்தி வர்றான், தங்கச்சி. விஷயத்துக்கு வரல," என்றான். மறுபடி சத்தம். நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுகிறேன் என்று எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து அலீசியா ஃபோன். மாடில்டா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அங்கிள், பட்டியல் எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க பதில் மட்டும்தான் பாக்கி. அது வந்தா கடைசி நம்பர் போட்டுப் பெட்டிய மூடிடலாம்."

"மூடாதம்மா," என்றேன். "எழுத எழுத இவன் மறுத்துப் பேசிக்கிட்டே இருக்கான்."

"அப்ப எப்பத்தான் அங்கிள் மூடறது?"

"எங்க ரெண்டு பேருல ஒருத்தன் போனப்புறம் மூடிக்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கார்த்திகேசு கத்துவதை நிறுத்திவிட்டான். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினான். பக்கத்தில் போய் நின்றேன். சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"பதில் சொல்லாம எங்கயும் போயிடாதடா," என்றான்.