டிலக்ஷிக்குப் புதுக் கட்டைவிரல்

நமுனுகுல, மேற்பிரிவு லயம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் யோகலெட்சுமிக்கு அப்பா எழுதுவது, இங்கு மழையும் அட்டையும் நாங்களும் சுகம், அங்கு குவைத் வெயிலில் நீ வாடாமல் இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். பசறைக் கடைக்காரர் மகள் றுஷ்தா நாளைக்கு அங்கே வருகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தால் சிரிக்காதே, மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு நிம்மதி கொடுத்தவன் நான்.

உன் பிள்ளை டிலக்ஷி விஷயம். வலது கையில் கட்டைவிரல் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு ஆட்காட்டி விரலை எடுத்து அந்த இடத்தில் வைக்கலாம் என்று கொழும்பு டாக்டர் சொன்னபோது, நல்லா இருக்கிற வெரலையும் கெடுத்துராதீங்கப்பா என்று போனில் அழுதாயே. ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்து இரண்டு மாதமாகியும் அவள் அந்த விரலைத் தொழிலுக்கு எடுக்கவே இல்லை, உன்னிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று பொய் சொன்னேன். பதுளையில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற கேசினி மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இவவுக்கு ஆர் சோறு தீத்துறது என்று கேட்டார். எங்க லயத்துப் பத்து வீடும் ஊட்டுதுங்க மிஸ் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு விரல் ஏன் வேலை செய்யும், இனி ஒருத்தரும் தீத்தக் கூடாது, அவவே எடுக்கட்டும் என்று நல்ல ஏச்சு ஏசினார்.

வந்து பத்து வீட்டுக்கும் கங்காணி மாதிரி உத்தரவு போட்டேன், உங்கம்மா மட்டும் ஒளிந்து ஒளிந்து ரொட்டி பிய்த்து ஊட்டுவாள், பிடித்தால் புள்ள பசியில கெடந்தா ஒங்களுக்கு சந்தோசமா என்று என்மேல் பாய்வாள். பிள்ளையும் லேசுப்பட்டவள் இல்லை, மற்ற விரல்களுக்கு நடுவில் இடுக்கியே எல்லாம் எடுத்தாள். போன வியாழன் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து உங்கம்மா வாசலில் தலையை விரித்துப் போட்டிருந்தாள், பின்னால் நின்ற டிலக்ஷி, அம்மாயி ஆடாத, ஓடுது என்றாள், புது விரலை மடக்கி அடுத்த விரலோடு சேர்த்து தலையில் ஓடிய பேன் ஒன்றைப் பிடித்து என் மூக்குக்கு நேரே காட்டினாள். உங்கம்மா தலையை இன்னும் குனிந்து, நெறைய இருக்கும் பாரு தங்கம் என்றாள். அன்றைக்கு ஏழு பேன். முப்பது வருஷமாக அந்தத் தலையைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்போது கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தானே தின்கிறாள், எனக்கு ஒன்றுகூடத் தருவதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலையணையை நனைக்காமல் தூங்கு, சாமி உன்னைக் கைவிடாது. வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது உங்கம்மாவிடம் பேன் பேச்சை எடுக்காதே, முதலில் பிடித்தது கடலை என்றுதான் உனக்கு எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
இனிப் பொய் சொல்ல அவசியமில்லாத உன் அப்பா
இராமையா