ஒலிபெருக்கியில் மாமா

மார்ச் 3, செவ்வாய்

பண்ணையில் இன்றும் ஓர் ஆடு போயிற்று. பத்து நாளில் இது நான்காவது. சிறுத்தை வேலியைத் தாண்டி வந்து கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேனேஜர் என்னைத் திட்டினார், ஏதோ நான்தான் அதற்கு வழிகாட்டியது போல. கேமராப் படங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பட்டியைக் காப்பது மாமா வேலை. அக்கா புருஷன் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் வாய்தான் மூடுவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு ஆறிப்போயிருக்கிறதென்று அக்காவைப் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை சூடு பண்ணினாள், பாவம்.

மார்ச் 5, வியாழன்

காட்டு மிருகங்களை ஆராயும் அம்மா வந்திருந்தார். மற்ற மிருகங்களின் உறுமலைவிட மனிதர் பேசுகிற சத்தத்துக்குத்தான் சிறுத்தை அதிகம் பயப்படுமாம். ஓர் ஒலிபெருக்கி கொடுத்தார், தினமும் மாலையில் பட்டிப் பக்கம் போட. "மூணு நாளைக்கு ஒருதடவ குரலையும் இடத்தையும் மாத்திரும்மா. பின்னாடி ஆளே இல்லன்னு தெரிஞ்சிக்கிச்சுன்னா அப்புறம் மதிக்காது." பெரிதாகத் தலையாட்டினேன்.

குரலுக்கு எங்கே போவது? போனைச் சமையலறை அலமாரியில் ஒளித்துவைத்து, மாமா அக்காவைத் திட்டுவதைப் பதிவு செய்தேன். பதினெட்டு நிமிடம், மூச்சு விடாமல். மேனேஜர் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், பெருமை தாங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒரு வாரமாக ஆடு போகவில்லை. படத்தில் சிறுத்தை காதை மடித்துக்கொண்டு ஓடுகிறது.

"பாத்தியா? என் ஒரு சத்தத்துக்குச் சிறுத்தையே நடுங்குது. உங்கக்காவுக்குத்தான் ஒறைக்க மாட்டேங்குது."

உறைக்கிறது மாமா. உங்கள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே அவள் கையிலிருப்பது நழுவுகிறது.

மார்ச் 27, வெள்ளி

இன்னும் குரலை மாற்றவில்லை. மாற்றவேண்டும் என்று தெரியும். மேனேஜர் குரல் எலிக்குஞ்சு மாதிரி, அது எதற்கும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உண்மை வேறு. தினமும் மாலை மாமாவின் வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிறது. தீவனம் கலக்கும் ஆட்கள் அவரைப் போலவே கத்திக்காட்டிச் சிரிக்கிறார்கள். அதை இழக்க எனக்கு மனசில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு விழுந்த படம். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே சிறுத்தை உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த படத்தில் படுத்தேவிட்டது. மேலே மாமா "காது என்ன செவிடா ஒனக்கு" என்று கத்தியிருப்பார்.

முதலில் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. இது ஆளில்லாத குரல் என்று கண்டுகொண்டுவிட்டது. உடனே எல்லோரிடமும் சொல்லவேண்டும், முதலில் மாமாவிடம். மேனேஜர் வெளியூர் போயிருந்தார். சரி, வீட்டிலேயே சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

அக்காவின் உதடு வீங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். பாத்திர மூடி கீழே விழுந்து சத்தம் வந்ததாம். அதற்கு.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாமா தடியில்லாமல் பட்டிக்குப் போனார். தீவனக்காரர் கேட்டதற்கு, "தடி எதுக்குய்யா, வாய் இருக்கே" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை — எழுதியாவது வைக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

கை ஓடல. பட்டிக்குள்ள ஆட்டக் கவ்விக்கிட்டு நின்னுது. மாமா கத்தினாரு. திரும்பிப் பாத்துச்சு, அவ்வளவுதான், நகரவே இல்ல. காது கேக்கலயோன்னு இன்னும் கிட்டப் போய்க் கத்தினாரு. கிட்டப் போனாரே... நான் வேலிக்கு வெளிய நின்னேன். அப்பக்கூட எனக்கு வாய் வரலயே. தீவனக்காரங்க கம்பியோட ஓடிவந்துதான் விலக்கினாங்க.

உயிர் இருக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி

பிழைத்துவிட்டார். ஆனால் குரல்வளை போய்விட்டது. இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னபோது, அக்கா கேட்ட ஒரே கேள்வி: "சத்தம்கூட வராதா?"

ஏப்ரல் 22, புதன்

சிறுத்தையைக் கூண்டில் பிடித்துவிட்டார்கள். மனிதரை மதிக்காமல் பழகிவிட்டதை மறுபடி காட்டில் விடமாட்டார்களாம். ஆராய்ச்சி அம்மா படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

மே 19, செவ்வாய்

மாமா இப்போது எது வேண்டுமென்றாலும் கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு தட்டுக்கே அக்கா ஓடினாள். பிறகு நாலைந்து தட்டு ஆனது.

இன்று மதியம் நானும் அவளும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டினார். தண்ணீராக இருக்கும் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருடி. சாப்பிடும்போது எழுந்திரிக்காத."

தட்டல் வேகமானது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த ஆராய்ச்சிக்காரம்மா வந்துட்டுப் போனாங்க. சிறுத்தை அவரு மேல பாயறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நீ போட்டோவப் பாத்துட்டியாமே."

அழுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"சாப்பிடு" என்றாள்.

உள்ளே டம்ளர் உருண்டு விழுந்தது. அப்புறம் சத்தமில்லை. அக்கா நிதானமாக மென்று முடித்தாள், தட்டைக் கழுவினாள், துடைத்துக் கவிழ்த்தாள். பிறகு சமையலறைத் தரையிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.