செவலைக்குச் சொன்னது

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

ஜெகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. காலை எடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை அணைத்துவிடுகிறீர்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள். காகிதத்தை அணைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். உங்கள் தம்பி மாரிசெல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே மழை இல்லை. புரட்டாசி பாதி போய்விட்டது. பக்கத்து வீட்டு நல்லகண்ணு அண்ணன் மட்டும் துணிந்து பருத்தி ஊன்றிவிட்டு, வானத்தைத் திட்டிக்கொண்டு திரிகிறார். நம் கரிசல் உழுதது உழுதபடி கிடக்கிறது. நம் பிள்ளை தங்கச்செல்வி பள்ளிக்கூடம் போய்வருகிறாள். அப்பா எப்ப வருவாக என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டபோது எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பெரிய டாக்டர் என்னிடம் பொறுமையாகத்தான் சொன்னார். டிராக்டர் டிரெய்லரில் இருந்து விழுந்து வலது கால் முறிந்தபோது வைத்த கம்பியின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கோந்து மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டதாம். மாத்திரையும் ஊசியும் வெளியே திரிகிற கிருமியைக் கொல்லும், புண்ணும் காய்ந்ததுபோல் இருக்கும். படலத்துக்குள் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. நேரம் பார்த்து மறுபடி கிளம்பும். எனக்கு நம் குளுதாடிதான் ஞாபகம் வந்தது. மாடு தண்ணீர் குடிக்கிற அந்தத் தொட்டியை எத்தனை குடம் ஊற்றி அலசினாலும் உள்பக்க வழுவழுப்பு போகாது, ஓட்டாஞ்சில்லை வைத்துச் சுரண்ட வேண்டும். உங்களுக்கும் கம்பியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தார்கள். அதற்குள் கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது. இப்போது உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல் அது இரத்தத்தில் கலப்பதால் வருகிறது. முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் உயிரைப் பற்றிப் பேசவே முடியும் என்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்கள்.

புண் காய்ந்துவிட்டது என்று மிச்ச மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து நம் பசு செவலைக்கு ஊட்டினீர்களே, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "அவளுக்கு மடி கல்லு மாதிரி வீங்கிக் கெடக்கு, எனக்கு ஆறுன மருந்து அவளுக்கு ஆறாதா" என்று என் வாயை அடைத்தீர்கள். உங்களுக்கும் அரைகுறை, அதற்கும் அரைகுறை. புண்ணில் கட்டு மாற்றின கையோடு பாலும் கறந்தீர்கள். கால்நடை டாக்டரம்மா சோதனைக்கு அனுப்பின பாலில், உங்கள் சீழில் இருந்த அதே கிருமிதான் இருந்ததாம். மனிதருக்கும் வரும், மாட்டுக்கும் வரும் என்றார். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா, தெரிஞ்சு இனி என்ன செய்யப் போறீங்க என்றார்.

மாமா, இனி மறைக்க முடியாது. செவலை செத்துப்போய்விட்டது.

போனில் செவலை தின்னுச்சா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் தின்னுச்சு என்று சொன்னேன். காய்ச்சலில் கிடக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்ல? உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றின கொஞ்ச நாளிலேயே மடி கறுத்துச் சில்லிட்டுவிட்டது. விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டரம்மா கையை விரித்தார். கழுத்தைத் திருப்பி விலாவின் மேல் வைத்துக்கொண்டு படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. நல்லகண்ணு அண்ணன் ஜேசிபி பிடித்து வந்தார். நம் கரிசலின் வடகோடியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கன்றை அவர் வீட்டில் கட்டியிருக்கிறேன். அது கத்துவது இங்கே கேட்கிறது.

டாக்டரம்மா முதலிலேயே வழி சொன்னார். கெட்டுப்போன காம்பை அறுத்துச் சீழை வடியவிட்டால் மாடு பிழைத்துக்கொள்ளும் என்று பெட்டியைக்கூடத் திறந்துவிட்டார். நீங்கள்தான் ஊன்றுகம்போடு குறுக்கே வந்து நின்றீர்கள். "கொறையோட ஒரு மாட்டக் கட்டி வச்சு ஊருக்குக் காட்டவா? இருந்தா முழுசா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்" என்றீர்கள். போய்விட்டது. போன வாரம் உங்கள் காலுக்கும் அந்த ‘முழுசா’ பேச்சையேதான் சொன்னீர்கள், ஒரு வார்த்தை மாறவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு நீங்கள் தெரியவில்லை, செவலை கிடந்த கிடைதான் தெரிந்தது.

உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. அது அடங்கினால் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோபமே தேவலை. காலை எடுத்தாலும் பிழைப்பீர்கள் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று மாரிசெல்வத்திடம் சொன்னாராம். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி கெஞ்சினார். செவலை விஷயத்தில் மறைத்து என்ன கண்டேன்? குலசாமி முன்னால் போய் நின்றேன், என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மாரிசெல்வம் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுங்கள் மாமா. உங்களுக்கு எல்லாம் முழுசாக வேண்டும். எனக்கு வேண்டாம். மிச்சம் எது இருக்கிறதோ அது வீடு வந்து சேர்ந்தால் போதும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது விட்டுப்போன உங்கள் செருப்பில் வலதை எடுத்து இன்று பரணில் போட்டுவிட்டேன். இடதைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். அதையும் எடுக்க வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வரவை மட்டும் வேண்டி நிற்கும்,
ஜெகதீஸ்வரி